வீட்டு இசைக் களஞ்சியமும் கோப்பு அனுமதிகளும்

லினக்ஸ் இயங்குதளத்தில் இருக்கும் ஒவ்வொரு கோப்பும் மூன்று விவரங்களைத் தன்னுடன் சுமக்கிறது: அதன் உரிமையாளர் யார், அது எந்தக் குழுவுக்கு உரியது, யார் அதை என்ன செய்யலாம். ஒருவர் மட்டுமே புழங்கும் கணினியில் இந்த விவரங்கள் கண்ணில் படுவதில்லை. ஒரே கோப்புகளைப் பலர் கையாளத் தொடங்கும்போதுதான் அவை முன்னுக்கு வருகின்றன. வீட்டின் பாடல்களையெல்லாம் ஒரே கணினியில் சேர்த்துவைத்து, குடும்பத்தார் அனைவரும் தத்தம் கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் கேட்கும்படி அமைக்கும் இசைக் களஞ்சியம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. ஒதுக்கி வைத்த மேசைக்கணினி ஒன்றோ, உள்ளங்கையளவு ராஸ்பெரி பை ஒன்றோ போதும். நொடிக்கு 320 கிலோபிட் தரத்தில் உள்ள எம்பி3 பாடல் நிமிடத்துக்கு 2.4 மெகாபைட் இடம் கொள்ளும். ஐந்து நிமிடப் பாடல்கள் 5,000 இருந்தாலும் மொத்தம் 60 ஜிகாபைட்தான். தரம் குன்றாத ஃப்ளாக் வடிவில் வைத்தால் இடம் கூடுதலாகப் பிடிக்கும். இன்றைய வட்டுகளுக்கு அதுவும் பொருட்டில்லை. சிக்கல் தலைகாட்டுவது வேறிடத்தில். அம்மா குறுந்தகட்டிலிருந்து ஏற்றிய பாடலின் பெயரில் உள்ள எழுத்துப் பிழையை மகள் திருத்த முயன்றால் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று கணினி சொல்கிறது. மகன் சேர்த்த புதிய தொகுப்பு பாட்டியின் கைப்பேசியில் தெரிவதே இல்லை. பாடலை இசைக்கும் மென்பொருள் சில கோப்புறைகளைக் காண்கிறது, சிலவற்றைக் காண்பதில்லை. இவை எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றே: கோப்புகள் பிறக்கும்போதே எந்த அனுமதியோடு பிறக்க வேண்டும் என்பதை யாரும் வகுத்து வைக்கவில்லை.

மூவகையினர், மூன்று அனுமதிகள்

லினக்ஸ் பின்பற்றும் அனுமதி முறை அதற்கு முன்தோன்றிய யூனிக்ஸிலிருந்து வந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் 1969இல் தொடங்கிய யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பரில் வெளிவந்தது. அனுமதிகளை மாற்றும் 'சிஎச்மாட்' கட்டளை அந்தக் கையேட்டிலேயே இருக்கிறது. அப்போது உரிமையாளர், உரிமையாளர் அல்லாதவர் என இரண்டே பிரிவுகள்தாம். குழு என்ற நடுப்பிரிவு சில ஆண்டுகள் கழித்துச் சேர்ந்தது. 1979இல் வெளியான ஏழாம் பதிப்பில் இன்றைய வடிவம் ஏறக்குறைய முழுமையாகிவிட்டது. அரை நூற்றாண்டுப் பழைமையுள்ள அந்த ஏற்பாட்டைத்தான் இன்றைய வீட்டுக் கணினியும் பின்பற்றுகிறது.

கோப்பை அணுகுவோர் மூவகையினர்: உரிமையாளர், குழுவினர், ஏனையோர். ஒவ்வொரு வகையினருக்கும் மூன்று அனுமதிகள் உண்டு: படித்தல், எழுதுதல், இயக்குதல். மூன்று வகையினருக்கு மூன்றாக, மொத்தம் ஒன்பது அனுமதிகள். ஒவ்வொன்றும் உண்டு அல்லது இல்லை என்ற இரு நிலைகளில் ஒன்றில் இருப்பதால், ஒன்பது இரும இலக்கங்களில் இவை அடங்கிவிடுகின்றன.

இதை எண்ணாக எழுதும் வழக்கம் எளிது. படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1 என மதிப்பு வைத்து, உள்ளவற்றைக் கூட்டினால் ஒரு வகையினருக்கு ஓர் இலக்கம் கிடைக்கும். படிக்கவும் எழுதவும் முடியும் என்றால் 4 + 2 = 6. படிக்க மட்டும் என்றால் 4. ஆகவே 664 என்ற எண்ணுக்கு, உரிமையாளரும் குழுவினரும் படிக்கலாம், எழுதலாம், ஏனையோர் படிக்க மட்டும் செய்யலாம் என்று பொருள். 640 என்றால் உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம், குழுவினர் படிக்கலாம், ஏனையோருக்கு ஒன்றும் இல்லை.

அனுமதியைச் சோதிக்கும் வரிசையும் முக்கியம். கோப்பைக் கேட்பவர் அதன் உரிமையாளரா என்று கணினி முதலில் பார்க்கிறது. ஆம் என்றால் உரிமையாளருக்குரிய இலக்கத்தை மட்டுமே கருதுகிறது. அடுத்த இரண்டையும் பார்ப்பதில்லை. உரிமையாளர் இல்லையென்றால் குழுவைச் சேர்ந்தவரா என்று பார்க்கிறது. அதுவும் இல்லையென்றால்தான் ஏனையோருக்குரிய இலக்கம் பயன்படுகிறது. முதலில் எது பொருந்துகிறதோ அதுவே முடிவு. இதனால் 466 போன்ற ஓர் எண்ணை வைத்தால், ஊரார் எல்லாம் எழுதக்கூடிய கோப்பில் உரிமையாளர் மட்டும் எழுத முடியாமல் போகும். கணினியின் நிர்வாகியான 'ரூட்' பயனருக்கு மட்டும் படிக்கவும் எழுதவும் இந்தச் சோதனைகள் தடையாவதில்லை.

கோப்புறைக்கு வேறு கணக்கு

படித்தல், எழுதுதல், இயக்குதல் என்ற சொற்கள் கோப்புக்குத் தரும் பொருளைக் கோப்புறைக்குத் தருவதில்லை. அனுமதிகளைப் பற்றிய குழப்பங்களில் பெரும்பாதி இங்கே பிறக்கிறது.

கோப்புறை என்பது அடிப்படையில் ஒரு பெயர்ப்பட்டியல். கோப்பின் உள்ளடக்கம் வட்டில் வேறெங்கோ இருக்கிறது. இன்ன பெயருக்கு இன்ன கோப்பு என்ற குறிப்புகளை மட்டும் கோப்புறை வைத்திருக்கிறது. ஆகவே கோப்புறையைப் படிப்பது என்றால் அந்தப் பெயர்ப்பட்டியலைப் பார்ப்பது. கோப்புறையில் எழுதுவது என்றால் பட்டியலில் புதுப்பெயர் சேர்ப்பது, இருக்கும் பெயரை மாற்றுவது, நீக்குவது. கோப்புறையை இயக்குவது என்றால் அதன் வழியாக உள்ளே கடந்து செல்வது. எழுதும் அனுமதி கோப்புறையில் பயன்பட வேண்டுமானால் கடந்து செல்லும் அனுமதியும் கூடவே இருக்க வேண்டும்.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் வருகின்றன. முதலாவது: ஒரு பாடலை அழிப்பதற்கு அந்தப் பாடல் கோப்பின் மீது எந்த அனுமதியும் தேவையில்லை; அது இருக்கும் கோப்புறையில் எழுத முடிந்தால் போதும். 444 என்று வைத்துப் பூட்டிவிட்டதாக நினைக்கும் பாடலைக்கூட, கோப்புறையில் எழுத வல்லவர் எவரும் நீக்கிவிடலாம். பெயர் மாற்றுவதும் அப்படியே. ஆகவே களஞ்சியத்தின் பாதுகாப்பைத் தீர்மானிப்பவை முதன்மையாகக் கோப்புறைகளின் அனுமதிகள்.

இரண்டாவது: ஒரு பாடலை அடைய வேண்டுமானால், வட்டின் உச்சிக் கோப்புறையிலிருந்து அந்தப் பாடல் வரை வழியிலுள்ள ஒவ்வொரு கோப்புறையிலும் கடந்து செல்லும் அனுமதி வேண்டும். பாடல் கோப்பு யாவரும் படிக்கும்படி திறந்து கிடந்தாலும், இடையில் ஒரு கோப்புறை மூடியிருந்தால் அதுவே கடைசி. உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் 21.04 பதிப்பு முதல், புதிய பயனரின் சொந்தக் கோப்புறை 750 என்ற அனுமதியுடன் உருவாகிறது. அதாவது பிறர் உள்ளே நுழைய முடியாது. அப்பாவின் சொந்தக் கோப்புறைக்குள் இசைக் களஞ்சியத்தை வைத்துவிட்டு, உள்ளே எத்தனை முறை அனுமதியைத் திறந்துவிட்டாலும் வீட்டார் எவருக்கும் பாடல் எட்டாததற்குக் காரணம் இந்த வாயில்தான்.

எனவே அமைப்பின் முதல் படி, இடம் தேர்வது. களஞ்சியம் எவருடைய சொந்தக் கோப்புறைக்குள்ளும் இருக்கக் கூடாது. கணினி பிறருக்கு வழங்கும் தரவுகளுக்கென்றே உச்சிக் கோப்புறையின் கீழ் 'எஸ்ஆர்வி' என்ற கோப்புறை மரபாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதனுள் இசைக்கென ஒரு கோப்புறை அமைப்பது பொருத்தமானது.

குழு என்னும் நடுப்பிரிவு

இரண்டாம் படி, குழு அமைப்பது. குடும்பத்தாரில் பாடல்களைச் சேர்க்கவும் திருத்தவும் உரிமையுள்ளவர்கள் யார் என்பதை முதலில் வீட்டில் முடிவு செய்ய வேண்டும். கேட்பவர்கள் எல்லாரும் திருத்துபவர்களாக இருக்க வேண்டியதில்லை. அம்மா, அப்பா, மகள் ஆகியோர் களஞ்சியத்தைப் பேணுபவர்கள் என்று வைத்துக்கொண்டால், மூவருக்கும் தனித்தனிப் பயனர் கணக்கும், மூவரையும் உறுப்பினராகக் கொண்ட புதிய குழு ஒன்றும் வேண்டும். மூவரும் ஒரே கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொண்டு ஒரே கணக்கில் நுழைவது எளிதாகத் தோன்றும். ஆனால் யார் எதைச் சேர்த்தார், யார் எதை மாற்றினார் என்ற தடயம் அதில் அழிந்துபோகும். ஒருவருக்கு மட்டும் உரிமையை நிறுத்தவும் வழியிராது.

குழுவுக்குப் பெயர் வைப்பதில் கவனம் வேண்டும். பல லினக்ஸ் வகைகளில் 'ஆடியோ' என்ற குழு முன்பே இருக்கிறது. அது ஒலி அட்டை போன்ற கருவிகளைப் பயன்படுத்தும் உரிமைக்கானது. பாடல் கோப்புகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இரண்டையும் கலக்காமல், களஞ்சியத்துக்கென்று 'மியூசிக்' போன்ற தனிப்பெயர் வைப்பது நல்லது.

ஏற்கெனவே உள்ள பயனரைக் குழுவில் சேர்க்கும் 'யூசர்மாட்' கட்டளையில் ஒரு கண்ணி இருக்கிறது. ஜி என்ற பேரெழுத்து விருப்பத்துடன் ஏ என்ற சிற்றெழுத்தையும் தர வேண்டும். ஏ விடுபட்டால், அந்தப் பயனர் முன்பு சேர்ந்திருந்த மற்றத் துணைக் குழுக்களிலிருந்தெல்லாம் நீக்கப்படுவார். நிர்வாக உரிமை தரும் குழுவும் அவற்றுள் ஒன்றாக இருந்தால், கணினியை நிர்வகிக்கும் உரிமையே கைநழுவிவிடும். குழுவில் சேர்த்த பிறகு அந்தப் பயனர் ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைந்தால்தான் புதிய உறுப்புரிமை செயலுக்கு வரும். கட்டளை சரியாக இருந்தும் பலன் தெரியாமல் பலர் திகைப்பது இதனால்தான்.

பிறப்பிலேயே குழு: செட்ஜிட்

குழு அமைத்து, களஞ்சியக் கோப்புறையை அந்தக் குழுவுக்கு உரியதாக்கி, 775 என்று அனுமதி கொடுத்தால் வேலை முடிந்ததுபோல் தோன்றும். முதல் நாள் எல்லாம் ஒழுங்காக நடக்கும். மறுநாள் மகள் ஒரு புதிய கோப்புறையை உருவாக்கிப் பாடல்களை ஏற்றியதும் பழைய சிக்கல் திரும்பி வரும்.

காரணம் இது: லினக்ஸில் ஒருவர் உருவாக்கும் கோப்பு, அவருடைய முதன்மைக் குழுவுக்கே இயல்பாக உரியதாகிறது. பல லினக்ஸ் வகைகளில் ஒவ்வொரு பயனருக்கும் அவர் பெயரிலேயே ஒரு தனிக் குழு முதன்மைக் குழுவாக அமைகிறது. ஆகவே மகள் ஏற்றிய பாடல்கள் மகளின் தனிக் குழுவைச் சேர்ந்துவிடுகின்றன. அம்மாவும் அப்பாவும் அந்தக் குழுவில் இல்லை.

இதற்கான தீர்வு கோப்புறையின் மேல் வைக்கும் 'செட்ஜிட்' என்ற சிறப்புக் குறி. மூன்று இலக்க அனுமதி எண்ணுக்கு முன்னால் 2 என்று நான்காவது இலக்கம் சேர்த்தால் இந்தக் குறி அமைகிறது. 2775 என்று வைத்த கோப்புறைக்குள் யார் எதை உருவாக்கினாலும், அது உருவாக்கியவரின் குழுவை விட்டுவிட்டுக் கோப்புறையின் குழுவை எடுத்துக்கொள்கிறது. அதனுள் பிறக்கும் துணைக் கோப்புறைகளும் இதே குறியைப் பெறுவதால், எத்தனை அடுக்கு ஆழம் போனாலும் விதி தொடர்கிறது. உரிமையாளர் மட்டும் உருவாக்கியவராகவே இருப்பார். யார் சேர்த்த பாடல் என்ற அடையாளமும் நிலைக்கிறது, பொதுவுரிமையும் நிலைக்கிறது.

நான்காவது இலக்கத்தில் 1 என்பது 'ஸ்டிக்கி' குறி. அது உள்ள கோப்புறையில் ஒரு கோப்பை அதன் உரிமையாளரோ, அந்தக் கோப்புறையின் உரிமையாளரோதான் நீக்கவோ பெயர் மாற்றவோ முடியும். எல்லாரும் எழுதும் தற்காலிகக் கோப்புறைக்கு லினக்ஸில் 1777 என்ற அனுமதி இருப்பது இதற்காகவே. புதுப்பாடல்களை யார் வேண்டுமானாலும் போட்டு வைக்கும் வரவுக் கோப்புறைக்கு இது பொருந்தும். முதன்மைக் களஞ்சியத்துக்குப் பொருந்தாது. பாடகர் பெயர், ராகம், படத்தின் பெயர் போன்ற குறிப்புகளைத் திருத்தும் மென்பொருள்களில் சில, திருத்திய நகலைப் புதிய கோப்பாக எழுதிப் பழைய கோப்பின் இடத்தில் வைக்கின்றன. ஸ்டிக்கி குறி இருந்தால் பிறர் சேர்த்த பாடலில் இது நடவாது.

உமாஸ்க்: கழித்துக்கொள்ளும் எண்

குழு சரியானாலும் ஒரு தடை மிஞ்சுகிறது. ஒரு நிரல் புதிய கோப்பை உருவாக்கும்போது பொதுவாக 666 என்ற அனுமதியையும், கோப்புறைக்கு 777 என்ற அனுமதியையும் கேட்கிறது. கேட்டதை அப்படியே கொடுக்காமல், அதிலிருந்து சில அனுமதிகளைக் கணினி விலக்கிக்கொள்கிறது. எவற்றை விலக்க வேண்டும் என்று சொல்லும் எண்தான் 'உமாஸ்க்'. அது 022 என்றால் குழுவுக்கும் ஏனையோருக்கும் எழுதும் அனுமதி விலகும். கோப்புகள் 644 ஆகவும் கோப்புறைகள் 755 ஆகவும் பிறக்கும். பாடல் சரியான குழுவில் இருக்கும். ஆனால் குழுவினரால் அதில் எழுத முடியாது. உமாஸ்க் 002 என்றால் கோப்புகள் 664, கோப்புறைகள் 775. இசைக் களஞ்சியத்துக்கு வேண்டியது இதுதான்.

ஒவ்வொரு பயனருக்கும் தனிக் குழு இருக்கும் கணினியில் 002 என்பது ஆபத்தில்லாத எண். சொந்தக் கோப்புறையில் பிறக்கும் கோப்புகளுக்கும் குழு எழுதும் அனுமதி கிடைக்கும். ஆனால் அந்தக் குழுவில் அவர் ஒருவரே இருப்பதால் வேறெவரும் உள்ளே வர முடியாது. எல்லாப் பயனர்களும் ஒரே பொதுக் குழுவை முதன்மைக் குழுவாகக் கொண்ட கணினியில் இந்தப் பாதுகாப்பு இராது.

உமாஸ்க் பயனரைப் பொறுத்தது, கோப்புறையைப் பொறுத்ததன்று. ஒருவர் மாற்ற மறந்தாலும் ஒழுங்கு குலையும். கோப்புறையின் மேலேயே விதி எழுதிவைக்க விரும்பினால் அணுகல் பட்டியல் என்ற விரிவான முறை இருக்கிறது. மூவகையினர் என்ற எல்லையைத் தாண்டி, பெயர் சொல்லி எந்தப் பயனருக்கும் எந்தக் குழுவுக்கும் அனுமதி தர இது இடங்கொடுக்கிறது. கோப்புறைக்கு இயல்புநிலைப் பட்டியல் ஒன்றை அமைத்தால், உள்ளே பிறக்கும் கோப்புகள் அதையே அடிப்படையாகக் கொள்ளும். உமாஸ்க் அங்கே செல்லாது. லினக்ஸ் கருவின் 2.6 பதிப்பு முதல் இந்த வசதி பரவலாகக் கிடைக்கிறது. சிறிய வீட்டுக்குச் செட்ஜிட்டும் 002 உமாஸ்க்கும் போதும். பயனர்கள் பலராகி, நிரல்களும் பலவாகும்போது இயல்புநிலைப் பட்டியல் கைகொடுக்கும்.

நகர்த்தலும் நகலெடுத்தலும்

இவ்வளவு செய்த பிறகும் சில பாடல்கள் மட்டும் பிறர் கைக்கு எட்டாமல் நிற்பதுண்டு. அவை நகர்த்தப்பட்ட பாடல்களாக இருக்கக்கூடும். ஒரே வட்டுப் பகுதிக்குள் ஒரு கோப்பை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தினால், புதிதாக எதுவும் உருவாவதில்லை. பெயர்ப்பட்டியலில் உள்ள குறிப்பு மட்டுமே இடம் மாறுகிறது. உரிமையாளர், குழு, அனுமதி எல்லாம் பழையபடியே கூட வருகின்றன. செட்ஜிட் குறி பிறப்பின்போது மட்டுமே வேலை செய்வதால், குடிபெயர்ந்து வந்த கோப்பை அது தொடுவதில்லை.

நகலெடுத்தால் புதிய கோப்பு பிறக்கிறது. ஆகவே குழு சரியாகிறது. அனுமதி மட்டும் மூலக் கோப்பைப் பின்பற்றுகிறது. மூலக் கோப்பு 600 என்றிருந்தால், வழக்கமான நகலெடுப்புக் கட்டளை நகலையும் 600 ஆகவே உருவாக்கும். பதிவிறக்கிய பாடல்களை நகலெடுத்துச் சேர்ப்பது, பிறகு அனுமதியை ஒருமுறை சரிபார்ப்பது என்ற பழக்கம் இந்த இரண்டு தொல்லைகளையும் தீர்க்கும்.

இசைக்கும் மென்பொருள்

களஞ்சியத்தின் இன்னொரு பயனர், மனிதரல்லாத ஒருவர். எம்பிடி, ஜெல்லிஃபின் போன்ற இசை வழங்கி மென்பொருள்கள் பெரும்பாலும் தமக்கென உருவாக்கப்பட்ட தனிப் பயனர் கணக்கில் இயங்குகின்றன. பாடலைத் தேடி, படித்து, கேட்பவரின் கருவிக்கு அனுப்புவது இவற்றின் வேலை. அதற்குப் படிக்கும் அனுமதியும் கோப்புறைகளைக் கடக்கும் அனுமதியும் போதும். எழுதும் அனுமதி தேவையில்லை. பாடல் அட்டவணை போன்றவற்றை இவை தமக்குரிய தனியிடத்தில் வைத்துக்கொள்ளும்.

ஆகவே மென்பொருளின் கணக்கை மியூசிக் குழுவில் சேர்க்கக் கூடாது. 2775, 664 என்ற எண்களில் கடைசி இலக்கம் ஏனையோருக்குப் படிக்கும் உரிமையைத் தருகிறது. மென்பொருள் அந்த வழியில் பாடல்களை அடையட்டும். வலைப்பின்னலை நோக்கித் திறந்திருக்கும் நிரலில் ஒரு நாள் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும், அதன் வழியே நுழைபவரால் பாடல்களைப் படிக்கத்தான் முடியும், அழிக்க முடியாது. விருந்தினர் கணக்குகளுக்குக்கூடப் பாடல்கள் தெரியக் கூடாது என்று கருதும் வீட்டில், 2770, 660 என்று வைத்து, மென்பொருளுக்கு மட்டும் அணுகல் பட்டியலில் பெயர் குறித்துப் படிக்கும் உரிமை தரலாம்.

வலைப்பின்னல் வழியே

விண்டோஸ் மடிக்கணினியிலிருந்து களஞ்சியத்தைத் திறக்கப் பெரும்பாலும் சாம்பா என்ற மென்பொருள் உதவுகிறது. ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1990களின் தொடக்கத்தில் எழுதத் தொடங்கிய இது, விண்டோஸின் கோப்புப் பகிர்வு மொழியை யூனிக்ஸ் கணினிகளுக்குக் கற்றுத்தருகிறது. சாம்பாவில் அனுமதிகள் இரண்டு வாயில்களைக் கடக்க வேண்டும். ஒன்று சாம்பாவின் சொந்த விதி; மற்றொன்று கோப்பின் மீதுள்ள லினக்ஸ் அனுமதி. இரண்டும் இசைந்தால்தான் வேலை நடக்கும். ஒன்றை மட்டும் தளர்த்திப் பயனில்லை.

சாம்பா வழியே உருவாகும் கோப்புகளுக்கு உமாஸ்க்குக்குப் பதிலாகச் சாம்பாவின் சொந்த உச்சவரம்பு பொருந்துகிறது. கோப்புக்கான 'கிரியேட் மாஸ்க்' இயல்பாக 0744. கோப்புறைக்கான 'டைரக்டரி மாஸ்க்' 0755. இரண்டிலும் குழுவுக்கு எழுதும் அனுமதி இல்லை. களஞ்சியத்துக்கு இவற்றை 0664, 2775 என்று மாற்றி, 'ஃபோர்ஸ் குரூப்' என்ற இடத்தில் குழுவின் பெயரைக் குறித்தால், விண்டோஸிலிருந்து வரும் பாடல்களும் லினக்ஸில் பிறக்கும் பாடல்களும் ஒரே விதிக்குள் வந்துவிடும்.

லினக்ஸ் கணினிகள் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் என்எஃப்எஸ் முறையில் கவனிக்க வேண்டியது வேறு. கோப்பின் உரிமையாளர் வட்டில் பெயராகப் பதிவாவதில்லை, எண்ணாகவே பதிவாகிறார். பல லினக்ஸ் வகைகளில் முதல் பயனரின் எண் 1000, அடுத்தவர் 1001. அம்மாவின் மடிக்கணினியில் முதல் பயனர் அம்மா. மகளின் மடிக்கணினியில் முதல் பயனர் மகள். இருவருக்கும் எண் 1000. என்எஃப்எஸ்ஸின் எளிய அமைப்பில் வழங்கி இந்த எண்ணை மட்டுமே பார்ப்பதால், இருவரையும் ஒருவராகவே கருதும். எல்லாக் கணினிகளிலும் ஒருவருக்கு ஒரே எண் என்று முன்கூட்டியே ஒதுக்கிவைப்பது இதற்கு மருந்து. ஒரு கணினியின் வட்டைக் கழற்றி இன்னொன்றில் பொருத்தும்போது உரிமையாளர் மாறித் தெரிவதற்கும் இதுவே காரணம்.

யூஎஸ்பி வட்டில் களஞ்சியம் இருந்தால் அந்த வட்டின் கோப்பு முறையைப் பார்க்க வேண்டும். ஃபேட்32, எக்ஸ்ஃபேட் ஆகிய முறைகளில் யூனிக்ஸ் உரிமையாளரையும் அனுமதியையும் பதிய இடமே கிடையாது. அங்கே சிஎச்மாட் கட்டளையால் பயன் கிட்டாது. வட்டைக் கணினியுடன் இணைக்கும் நேரத்தில், எல்லாக் கோப்புகளுக்கும் பொதுவான உரிமையாளர், குழு, அனுமதி ஆகியவற்றை அறிவிக்க மட்டுமே முடியும். களஞ்சியம் நிரந்தரமாக லினக்ஸ் கணினியிலேயே இருக்கப்போகிறது என்றால், வட்டை எக்ஸ்ட்4 போன்ற லினக்ஸ் முறைக்கு மாற்றி அமைப்பதே நல்லது. அப்படி மாற்றும்போது வட்டில் உள்ளவை அழியும் என்பதால், முதலில் பாடல்களை வேறிடத்தில் பத்திரப்படுத்த வேண்டும்.

பழைய களஞ்சியத்தைச் சீராக்குதல்

ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் பாடல்கள் குவிந்திருக்கும் களஞ்சியத்தில் அனுமதிகளை ஒரே கட்டளையில் அடியோடு மாற்றலாம். ஆனால் கோப்புக்கும் கோப்புறைக்கும் ஒரே எண்ணைத் தரக் கூடாது. எல்லாவற்றுக்கும் 664 தந்தால் கோப்புறைகளின் கடக்கும் அனுமதி போய், களஞ்சியம் முழுதும் மூடிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் 775 தந்தால் பாடல்கள் எல்லாம் இயங்கும் நிரல்கள் என்று குறிக்கப்படும். அதனால் பாடலுக்குப் பயன் ஏதுமில்லை, ஒழுங்குதான் கெடுகிறது. கோப்புறைகளைத் தனியே தேடி 2775 என்றும், கோப்புகளைத் தனியே தேடி 664 என்றும் அமைக்க 'ஃபைண்ட்' கட்டளை உதவும். குழுவை மாற்றும் 'சிஎச்ஜிஆர்பி' கட்டளையை அதற்கு முன்பே இயக்கிவிட வேண்டும்.

இந்தக் கட்டத்தில் பலரும் சலித்துப்போய் 777 என்று போட்டுவிடுகிறார்கள். அப்போதைக்குத் தடைகள் எல்லாம் நீங்கிவிடுகின்றன என்பது உண்மை. ஆனால் கணினியில் இயங்கும் எந்த நிரலும், எந்தக் கணக்கும் களஞ்சியத்தை அழிக்க உரிமை பெற்றுவிடுகிறது. மடிக்கணினி ஒன்றில் புகும் பணயத் தீநிரல், அந்த மடிக்கணினியின் பயனர் எழுதக்கூடிய பகிர்வுக் கோப்புறைகளையும் சேர்த்தே பூட்டுகிறது. எழுதும் உரிமை எத்தனை பேரிடம் இருக்கிறதோ, இழப்புக்கு அத்தனை வழிகள். மேலும் 777 என்பது அந்த நேரத்தில் இருக்கும் கோப்புகளுக்கு மட்டுமான மாற்றம். நாளை பிறக்கும் பாடல் மீண்டும் பழைய உமாஸ்க்கின்படியே பிறக்கும். தடையும் திரும்ப வரும். பாதுகாப்பையும் இழந்து, சிக்கலையும் தீர்க்காத எண் அது.

அமைத்து முடித்ததும் சோதித்துப் பார்ப்பது இன்றியமையாதது. அம்மாவின் கணக்கிலிருந்து ஒரு கோப்புறை உருவாக்கி, அதில் ஒரு பாடல் சேர்க்க வேண்டும். மகளின் கணக்கிலிருந்து அந்தப் பாடலின் பெயரையும், பாடகர் குறிப்பையும் மாற்றிப் பார்க்க வேண்டும். விண்டோஸ் மடிக்கணினியிலிருந்து இதையே திரும்பச் செய்ய வேண்டும். பிறகு எழுதும் உரிமையில்லாத பாட்டியின் கணக்கிலிருந்து பாடலைக் கேட்க முடிகிறதா, அழிக்க முயன்றால் கணினி தடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். தடுக்க வேண்டியதைத் தடுக்கிறதா என்ற கடைசிச் சோதனையைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். நிர்வாகியின் கணக்கிலிருந்து செய்யும் சோதனைக்கு மதிப்பில்லை. அங்கே எதுவுமே தடைபடாது.

அனுமதிகளால் காக்க முடியாத இழப்புகளும் உண்டு. வட்டு பழுதாகலாம், எழுதும் உரிமையுள்ளவரே கைதவறி அழித்துவிடலாம். திரைப்பாடல்களை மீண்டும் வாங்கிவிடலாம். தாத்தாவின் கல்யாணத்தில் ஒலிநாடாவில் பதிந்த நாகசுர இசையையும், பாட்டி பாடிய தாலாட்டையும் எங்கும் வாங்க முடியாது. அத்தகைய பதிவுகள் இருக்கும் வீட்டில், களஞ்சியத்தின் நகல் ஒன்றை வேறொரு வட்டில் எடுத்து, அந்த வட்டைக் கணினியிலிருந்து கழற்றித் தனியே வைக்க வேண்டும். நகலெடுக்கும்போது உரிமையாளர், குழு, அனுமதி ஆகிய விவரங்களும் சேர்ந்து நகலாகும்படி செய்தால், மீட்கும் நாளில் களஞ்சியம் ஒழுங்கு குலையாமல் திரும்பக் கிடைக்கும்.